இறால் குஞ்சுகளுக்காக ஒரு ஷாக் அப்சார்பர்

"பாண் சாப்பிடுவீங்களா, தம்பி?"

கல்பிட்டியில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். நான் கோயம்புத்தூர்க்காரன். "எனக்கு வெத்தலைப் பழக்கமெல்லாம் இல்லீங்கக்கா" என்று பணிவாகச் சொன்னேன். ஜெசிந்தா அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். முழு ரொட்டி ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"இதான் பாண். இதுக்கும் வெத்திலைக்கும் என்ன சம்பந்தம்?"

வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் அன்ரன் அண்ணன் தலையைத் தூக்காமலே சொன்னார்: "இந்தியாவில வெத்திலைக்குள்ள பருப்பு வச்சுச் சாப்பிடுவாங்களாக்கும். நீ ஏன் அந்தப் பிள்ளையக் குழப்புறாய்?"

எங்கள் ஊரில் காய்ச்சல் வந்தால்தான் ரொட்டி. இங்கே அதைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து, தேங்காய்ச் சம்பலோடும் சூடை மீன் குழம்போடும் சாப்பிடுகிறார்கள். முதல் வாய் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாவது வாயில் பழகிவிட்டது. பாதி ரொட்டியை நானே முடித்தேன்.

நான் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. ஒரு வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாட்டப் போனேன். நான் வேலை செய்யும் பட்டறையில் காடுமேடு ஓடும் ஜீப்புகளுக்குத் தனியாக ஸ்பிரிங்கும் ஷாக்கும் செய்கிறோம். அங்கே லேத் ஓட்டும் மரியதாஸ் அண்ணனுக்கு ஜெசிந்தா அக்கா ஒன்றுவிட்ட தங்கை. போர்க்காலத்தில் சிறு பையனாகக் கடல் தாண்டி வந்தவர் அவர். முகாமில் வளர்ந்து, இப்போது என்னைவிட நன்றாகக் கோயம்புத்தூர்த் தமிழ் பேசுவார். போர் முடிந்து ஆண்டுகள் ஆகியும் அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. அதனால் தங்கை வண்டிக்குத் தன் கையால் கடைந்த சாமான்களை என்னிடம் கொடுத்து, "நீ போய் மாட்டிட்டு வா, கண்ணு" என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான்தான். விமானத்தை உள்ளேயிருந்து பார்த்தவனும் நான்தான். ஆடு மேய்க்கும் என் அப்பா, ஊர் எல்லை வரை வந்து என் பெட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வண்டி ஒரு பழைய நான்கு சக்கர இழுவை பிக்கப். அதை இங்கே 'கெப்' என்கிறார்கள். ஜெசிந்தா அக்காதான் ஓட்டுகிறார். உடப்புக்குப் பக்கத்துக் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கண்ணிமையின் நீளம்கூட இல்லாத குஞ்சுகளைத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் நிரப்பிய பாலித்தீன் பைகளில் கட்டி, வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிகளில் அடுக்கிக் கொடுப்பார்கள். அவற்றைக் களப்பின், அதாவது காயலின், கரையில் இருக்கும் ஒரு பண்ணைக்குக் கொண்டுபோக வேண்டும். தார் ரோடு முடிந்த பிறகு மணல். மணல் முடிந்த பிறகு, டிராக்டர்கள் உழுதுபோட்டது மாதிரி வரிவரியாகத் தடம் காய்ந்து கிடக்கும் உப்புவெளி.

"கடைசி இரண்டு தரமும் பாதிக்கு மேல செத்துப்போச்சு தம்பி" என்றார் அக்கா. "பண்ணைக்காரர் இன்னும் ஒரு ஏத்து தந்திருக்கிறார். சனிக்கிழமை. அதும் செத்தா, லொறிக்காரனுக்குக் குடுத்திருவாங்க."

"அவள் சொல்லாததை நான் சொல்லுறன்" என்றார் அன்ரன் அண்ணன். "இந்த ஓட்டம் போனா கெப்பும் போகும். கெப் போனா இவள் என்னோட கடலுக்கு வரப்போறன் எண்டு நிக்கிறாள். என்னைக் காப்பாத்துங்க."

நான் போனது வியாழக்கிழமை.

வேலை செய்த இடம் அண்ணனின் வாடி. வாடி என்றால் கடற்கரையில் வலையும் எஞ்சினும் வைக்கிற தென்னங்கிடுகுக் கொட்டகை. எங்கள் பட்டறையில் சிமென்ட் தரை. இங்கே ஜாக்கியை வைத்து உயர்த்தினால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, ஜாக்கி மணலுக்குள் இறங்கியது. கடைசியில் உடைந்த வள்ளத்தின் பலகையை அடியில் போட்டோம். உப்புக் காற்றில் பழைய போல்ட்டுகள் எல்லாம் துருவோடு ஒன்றாகிப் போயிருந்தன. ஒன்றைக் கழற்றுவதற்குள் என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளை மாற்றி, நான்கு மூலையிலும் புது ஷாக்குகளை மாட்டி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

ஷாக் அப்சார்பர் என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வண்டி பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கும். அமுங்கியது திரும்ப நிமிரத் துடிக்கும். அந்தத் துடிப்பை அடக்கிப் பிடிப்பது ஷாக்கின் வேலை. எங்கள் ஷாக்கின் அடியில் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் வண்டி மெல்ல நிமிரும். தளர்த்தினால் சட்டென்று நிமிரும். தளர்த்தி வைத்தால் சின்னக் குழிகளில் உடம்புக்குத் தெரியாது, மெத்தையில் போவது மாதிரி இருக்கும். சொகுசு கேட்கும் எங்கள் ஊர் வாடிக்கையாளர்களுக்கு அப்படித்தான் வைப்போம்.

திருகை நடுவில் வைத்துவிட்டு அக்காவிடம் கேட்டேன், "வண்டி எப்படி இருக்கோணுங்கக்கா?" திருகும் முன் ஓட்டுகிறவரைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் கண்டிப்பு.

அக்கா யோசிக்கவே இல்லை. "பள்ளத்தில விழுந்தா பின்பக்கம் ஆறுதலா எழும்பணும். அவ்வளவுதான்."

ஆறுதலாக! எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். நோகாமல், இதமாக, மனசுக்கு ஆறுதலாக. திருகைத் தளர்த்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒத்திகை. வெறும் தண்ணீர் நிரப்பிய பைகளைப் பெட்டிகளில் அடுக்கினோம். பெட்டிகளைப் பிடித்துக்கொள்ள அண்ணன் பின்னால் ஏறினார். தார் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முன்பு சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது செவ்விளநீர் விற்கிறார்கள். அதை இவர்கள் தம்பிலி என்கிறார்கள். அங்கே நிறுத்திக் குடித்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. உப்புவெளியில் இறங்கியதும் அந்தப் பெருமை போய்விட்டது. முதல் வரியிலேயே பின்பக்கம் கழுதை உதைப்பது மாதிரி எகிறியது. பின்னாலிருந்து அண்ணனின் குரல் கேட்டது. என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது.

அக்கா வண்டியை நிறுத்தினார். "தம்பி, நான் ஆறுதலா எண்டெல்லோ சொன்னனான்?"

"ஆமாங்கக்கா. இன்னும் கொஞ்சம் ஆறுதலாக்கிடறேன்."

இன்னும் தளர்த்தினேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று நான் மண்டியிட்டு, மிகவும் பொறுப்பாக, கடைசி வரைக்கும் தளர்த்தினேன். துள்ளுகிறதே என்று எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. ஆனால் ஓட்டுகிறவர் கேட்பதைக் கொடுக்க வேண்டாமா?

அடுத்த ஓட்டத்தில் பெட்டிகள் தரையை விட்டுப் பறந்து பறந்து விழுந்தன. மூலையில் இருந்த பைகள் வெடித்தன. பின்பக்க ஷாக்கின் ரப்பர் புஷ் ஒன்று கிழிந்து தொங்கியது. அண்ணன் தலையிலிருந்து கால் வரை நனைந்து இறங்கினார்.

"கடல்ல முப்பது குதிரை எஞ்சின் போட்டு அலைக்கு எதிரா ஓடியிருக்கிறன். இப்பிடி ஒரு நாளும் நனைஞ்சதில்ல. லொறிக்காரனுக்கே குடுக்கட்டும், விடு."

 அக்கா கிழிந்த பைகளைப் பொறுக்கி மடித்தார். "புத்தளத்தில புஷ் கிடைக்கும், தம்பி. பஸ்ஸில போயிட்டு வாங்க. வேற என்ன செய்யுறது?" அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கல்பிட்டி–புத்தளம் தனியார் பஸ்ஸைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்கள் ஊர் டவுன் பஸ் ஒரு மாட்டு வண்டி என்றால் இது ராக்கெட். ஒரு பக்கம் காற்றாலைகள், மறுபக்கம் வெங்காயத் தோட்டங்கள், தலைக்கு மேலே சிங்களப் பாட்டு, காலடியில் யாரோ ஒருவரின் கருவாட்டு மூட்டை. நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியபடி புத்தளம் போய்ச் சேர்ந்தேன். மூன்று கடை ஏறி இறங்கி, பொருந்துகிற புஷ் வாங்கினேன். நோன்புக் காலம் இல்லாததால் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டியும் மாட்டுக் குழம்பும் கிடைத்தன. கவலையிலும் நன்றாகவே சாப்பிட்டேன்.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். கனமூலையிலிருந்து மகள் வீட்டுக்குப் போகும் ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நுரைச்சோலையில் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கூடையோடு இறங்க எழுந்தார். அதுவரை ஊரையே விரட்டிக்கொண்டிருந்த கண்டக்டர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆறுதலா மாமா, ஆறுதலா" என்றார். குரல் அப்படிக் குழைந்தது. எனக்கு மனசு இளகிவிட்டது.

பக்கத்து அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன், "அவங்க வீட்ல ஏதாச்சும் துக்கமுங்களா?"

"என்ன மகன்?"

"சாவு ஏதாச்சும்..."

"மவுத்தா!" என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஆருக்கு மவுத்து?"

"ஆரு மவுத்து? ஆரு?" என்று பின் சீட்டில் கேட்டது. யாரோ, சாவுச் செய்தி கேட்டால் சொல்கிற 'இன்னாலில்லாஹி'யைத் தொடங்கினார். டிரைவர் பாட்டை நிறுத்தினார். ஒரு காலைத் தரையில் வைத்துவிட்ட பெரியவரே திரும்பி, "ஆருக்கு மவுத்து?" என்று கேட்டார். பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது.

"இல்லைங்க... கண்டக்டர் அண்ணன் அவருக்கு ஆறுதல் சொன்னாரு. அதான்..."

 கண்டக்டர்தான் முதலில் புரிந்துகொண்டார். "நீங்க இந்தியாவா? அட அல்லாவே! ஆறுதலா எண்டா மெல்ல. மெல்ல இறங்குங்க எண்டு சொன்னன். கெதியா இறங்கினா மாமா விழுவார்தானே?"

பஸ்ஸே சிரித்தது. பெரியவர் தரையில் நின்றபடி, "என்னைக் கொல்லப் பாத்தியே மகன்" என்று கூடையை ஆட்டிக்காட்டிச் சிரித்தார். எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிக்கத் தொடங்கினேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆறுதலா என்றால் மெல்ல.

பின்பக்கம் மெல்ல எழும்ப வேண்டும். முதல் நாளே அக்கா கேட்டது அதைத்தான். இறுக்கச் சொன்னவருக்கு நான் தளர்த்திக் கொடுத்திருக்கிறேன். மறுபடி கேட்டபோது இன்னும் தளர்த்தியிருக்கிறேன்.

"அண்ணே, கெதியாப் போங்கண்ணே!" என்று கத்தினேன். அந்தச் சொல்லை அப்போதுதான் முதன்முதலாகப் பயன்படுத்துகிறேன்.

"போகக்குள்ள கண்ணை மூடிக் கம்பியைக் கட்டிப்பிடிச்சீங்க" என்றார் கண்டக்டர். "இப்ப கெதியா வேணுமோ? பாய், இந்தியாக்காரர் கேக்குறார், மிதிங்க!"

டிரைவர் மிதித்தார்.

வாடிக்கு ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அப்ப உங்கட ஊரில ஆறுதலா நடக்கச் சொல்லுறதுக்கு என்ன சொல்லுவீங்க?"

"மெதுவாங்க, அக்கா."

"மெதுவா எண்டா எங்களுக்கு மெதுமெதுவெண்டு இருக்கிறது" என்றார் அண்ணன். "நல்லவேளை, நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் கட்டேல்ல. ஒரு சோறு காய்ச்ச ஏழு நாள் போகும்."

புஷ்ஷை மாற்றிவிட்டுத் திருகைக் கடைசி வரை இறுக்கினேன். உப்புவெளிக்குப் போனோம். முதல் வரியில் வண்டி அமுங்கி, பெருமூச்சு விட்டபடி நிமிர்ந்தது. பெட்டிகள் அசையவில்லை. கை தட்டப் போனேன், அதற்குள் அடுத்தடுத்த வரிகள் வந்தன. ஒன்றிலிருந்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்ததால் பின்பக்கம் கீழேயே தங்கி, கடைசியில் ரப்பர் கட்டையில் போய் 'டொம்' என்று இடித்தது.

"இப்ப எழும்பவே மறந்துபோச்சு" என்றார் அக்கா.

இந்த முறை எனக்கு மொழி தெரியும். கொஞ்சம் தளர்த்தினேன். ஓடினோம். இன்னும் ஒரு 'டிக்' தளர்த்தினேன். ஓடினோம். தளர்த்தியது அதிகமாகிப் பெட்டி மூடி ஒன்று தடதடத்தது, திரும்ப ஒரு 'டிக்' இறுக்கினேன். டயர்களில் காற்றை இறக்கி மணலுக்கு ஏற்றபடி அகலமாக உட்கார வைத்தோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அக்கா ஒரே தடத்தில் ஒரே வேகத்தில் ஓட்டினார். கடைசி ஓட்டத்தில் வண்டி வரிகள் மேல் வள்ளம் அலையில் ஏறி இறங்குவது மாதிரி போனது. பின்னாலிருந்து சத்தமே இல்லை. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், அண்ணன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். ஓடும் வண்டியில், உப்புவெளி நடுவில், ஒரே தீக்குச்சியில்.

"அதான் அளவு!" என்று கத்தினேன்.

சனிக்கிழமை விடியும்போது பெட்டிகளை ஏற்றிவிட்டோம். அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார்.   உப்புவெளியின் ஒவ்வொரு வரியிலும் நான் என் கால் விரல்களை மடக்கிக்கொண்டேன், அதனால் வண்டிக்கு ஏதோ உதவி என்பது போல.

பண்ணையின் மேற்பார்வையாளர் சுனில் கரையில் காத்திருந்தார். சிங்களத்தில்தான் பேசினார். அக்காவும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். அண்ணன் என் காதருகில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"'லொறிக்காரனுக்கு நேற்றே சொல்லி வச்சிட்டன்' எண்டுறார். இவள் சொல்லுறாள், 'முதல்ல திறந்து பாருங்க.'"

சுனில் ஒரு பையை வெட்டி, அகலமான வெள்ளைப் பேசினில் ஊற்றினார். கண்ணுக்குத் தூசி மாதிரிதான் தெரிந்தது. பிறகு கையை உள்ளே விட்டுத் தண்ணீரைச் சுழற்றினார். தெம்புள்ள குஞ்சு சுழலுக்கு எதிராக நீந்தி ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுமாம். செத்ததும் சாகப்போவதும் நடுவில் குவிந்துவிடுமாம். போன தரம் நடுவில் ஒரு பிடி குவிந்தது என்று அண்ணன் சொன்னார்.

தண்ணீர் சுழன்றது. தூசிகள் எல்லாம் ஒரே திசையில் தலையைத் திருப்பின. ஓரம் முழுக்க மெல்லிய கோடு போட்டது மாதிரி வரிசையாக நின்று நீந்தின. நடுவில் பேசினின் வெள்ளை அடி தெரிந்தது.

சுனில் இன்னொரு பையை வெட்டினார். பிறகு, நம்பாதவர் மாதிரி, மூலையில் இருந்த பெட்டியிலிருந்து ஒன்று. மூன்றிலும் நடுவில் வெள்ளைதான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அக்காவிடம் ஏதோ சொன்னார்.

அண்ணன் மொழிபெயர்க்க மறந்துபோய் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் கையை உலுக்கினேன்.

"செவ்வாய்க்கிழமையும் வரட்டாம்" என்றார். "இனி இவள்தானாம்."

அக்கா பேசின் பக்கத்தில் குந்தி, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தார். எழுந்தபோது, "வாங்க, போவம்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது வண்டி காலி. பாரத்துக்கு அளந்து வைத்த பட்டை ஸ்பிரிங்குகள், பாரம் இல்லாமல் கல் மாதிரி இடித்தன. "திருகைக் கொஞ்சம் மாத்தித் தரட்டுங்களா, அக்கா?" என்று கேட்டேன்.

"தொடப்படாது!" என்றார். "பாரம்தானே வேணும்?"

முதல் பஸ் நிறுத்தத்தில் கெப்பை நிறுத்தினார். வெங்காய மூட்டையோடு நின்ற இரண்டு பெண்களை ஏற்றினார். அடுத்ததில் ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும். அதற்கடுத்ததில் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் என்னோடு வந்து சிரித்த ஒருவர். பாரம் ஏற ஏற வண்டி மெல்ல மெல்லப் பணிந்து அழகாக ஓடத் தொடங்கியது. நான் பின்னால், கால் வைக்க இடமில்லாமல், ஒரு வெங்காய மூட்டைமேல் நின்றேன். ரோட்டில் ஒரு வெட்டு வந்தது. நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாக இறங்கி, ஒன்றாக, அவசரமே இல்லாமல் எழுந்தோம்.

"என்ன பிள்ளை, பஞ்சு கட்டியா வச்சிருக்கிறாய்?" என்று வெங்காயக்காரப் பெண் முன்பக்கம் பார்த்துக் கத்தினார். "இதில முட்டையே ஏத்தலாம் போல!"

ஜெசிந்தா அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காற்றில் முடி பறக்க, கல்பிட்டி ரோடு முழுவதற்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"முட்டை என்ன முட்டை! இறால் குஞ்சு! ஒண்டும் சாகேல்ல!"